கோழித் தீவனத் தாவர நிறமூட்டிகளும் அவற்றின் ஒப்புதலும்

கோழித் தீவனத் தாவர நிறமூட்டிகள் என்பன முட்டையின் மஞ்சள் கருவுக்கும் கறிக்கோழியின் தோலுக்கும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறம் ஊட்டுவதற்காகத் தீவனத்தில் கலக்கப்படும், தாவரங்களிலிருந்து எடுக்கப்பட்ட நிறமிகள் ஆகும். செண்டுமல்லிப் பூவின் இதழ்களிலிருந்து கிடைக்கும் லூட்டீன், செம்மிளகாயிலிருந்து கிடைக்கும் கேப்சாந்தின் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவை இயற்கைப் பொருட்கள் என்ற போதிலும் பல நாடுகளில் முன் ஒப்புதல் இன்றித் தீவனத்தில் கலக்க இயலாது. ஒரு பொருள் தாவரத்திலிருந்து வந்தது என்பதைச் சட்டம் ஒரு தகவலாக மட்டுமே கொள்கிறது. அது எவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டது, எதனால் கெடாமல் காக்கப்படுகிறது, எந்தப் பறவைக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்பனவே ஒப்புதலைத் தீர்மானிக்கின்றன.

செண்டுமல்லியைப் பயிரிட்டு அதன் சாற்றை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அச்சாறு வெளிநாடுகளில் மிக நுணுக்கமாக ஆராயப்படுகின்றது. உள்நாட்டுக் கோழிப் பண்ணைகளில் அதன் பயன்பாட்டைக் கண்காணிக்கும் சட்ட அமைப்பு அத்தனை தெளிவாக இல்லை.

மஞ்சள் கருவுக்கு நிறம் வரும் வழி

கோழியின் உடல் கரோட்டினாய்டு எனப்படும் நிறமிகளைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. மஞ்சள் கருவில் காணப்படும் நிறம் முழுவதும் கோழி தின்றவற்றிலிருந்து வந்ததேயாகும். தீவனத்திலுள்ள நிறமி கொழுப்புடன் சேர்ந்து குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே சூல்பையை அடைந்து, வளரும் கருவில் அடுக்கடுக்காகப் படிகின்றது. தீவனத்தை மாற்றினால் ஓரிரு வாரங்களில் முட்டையின் நிறமும் மாறிவிடும்.

மஞ்சள் மக்காச்சோளத்தில் லூட்டீனும் சியாசாந்தினும் இயல்பாகவே உள்ளன. மக்காச்சோளத்தின் விலை ஏறும்போது பண்ணையாளர்கள் குருணை அரிசி, கம்பு, சோளம் முதலிய தானியங்களைக் கூடுதலாகச் சேர்ப்பதுண்டு. இவற்றில் மஞ்சள் நிறமி மிகக் குறைவு. ஆகவே கரு வெளிறிப் போகின்றது. ஊட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லாவிடினும் வாங்குபவர் வெளிறிய கருவை ஏற்பதில்லை. நிறமூட்டியின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது.

இது குறித்து இரண்டு தவறான கருத்துகள் பரவலாக உள்ளன. ஆழ்ந்த நிறமுள்ள கருவில் உயிர்ச்சத்து ஏ மிகுதி என்பது ஒன்று. லூட்டீனும் கேப்சாந்தினும் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுவதில்லை. அவ்வாறு மாறக்கூடிய பீட்டா கரோட்டீனைக் கோழி பெரும்பாலும் உயிர்ச்சத்தாக மாற்றிவிடுவதால், அது கருவுக்கு நிறம் தருவது சொற்பமே. எனவே நிறத்தைக் கொண்டு சத்தை அளப்பது பிழையாகும். சமையலறை மஞ்சளைக் கலந்தால் கருவும் மஞ்சளாகும் என்பது மற்றொன்று. மஞ்சளிலுள்ள குர்க்குமின் கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்ததன்று. அது குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதால் முதன்மை நிறமூட்டியாக எடுபடுவதில்லை. கைவிரலில் ஒட்டிக்கொள்ளும் நிறமெல்லாம் கருவில் ஏறும் என்று கொள்ள இயலாது.

கருவின் நிறத்தை அளப்பதற்குப் பண்ணைகளில் விசிறி வடிவ வண்ண அட்டை பயன்படுகின்றது. வெளிர் மஞ்சளில் தொடங்கி ஆழ்ந்த செம்மஞ்சள் வரை எண்ணிடப்பட்ட பட்டைகள் அதில் இருக்கும். ரோச் நிறுவனத்தின் விசிறியில் 15 பட்டைகள் இருந்தன. பின்னர் டி.எஸ்.எம். நிறுவனம் வெளியிட்ட விசிறியில் 16 பட்டைகள் உள்ளன. லூட்டீன் மட்டும் கொடுத்தால் நிறம் ஒரு எல்லைவரை மஞ்சளாகவே ஆழமாகும். அதற்கு மேல் செம்மை வேண்டுமாயின் கேப்சாந்தின் போன்ற சிவப்பு நிறமி தேவை. ஒப்புதல் விதிகளில் மஞ்சள் நிறமிகளும் சிவப்பு நிறமிகளும் தனித்தனியே இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூவிலிருந்து தீவனம் வரை

செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்னும் பெயர்களால் அறியப்படும் செடி மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்டது. தமிழ்நாட்டில் மாலை கட்டுவதற்கும் ஆயுத பூசை அலங்காரத்துக்கும் பயன்படும் இப்பூ, நிறமி எடுப்பதற்காகவும் ஒப்பந்த முறையில் பயிரிடப்படுகின்றது. ஈரோடு மாவட்டத்தின் சத்தியமங்கலம் வட்டாரமும் கர்நாடகத்தின் சில மாவட்டங்களும் இதற்குப் பெயர் பெற்றவை. மாலைக்கு வேண்டிய பூவுக்கு அளவும் உறுதியும் முக்கியம். நிறமிக்கான பூவில் இதழின் ஆழ்ந்த செம்மஞ்சள் நிறமே விலையைத் தீர்மானிக்கிறது.

பறித்த பூக்கள் நேராக உலர்த்தப்படுவதில்லை. பெரும்பாலும் அவை குழிகளில் அழுத்தி மூடப்பட்டுச் சிலகாலம் புளிக்க வைக்கப்படுகின்றன. இதனால் இதழின் உயிரணுச் சுவர்கள் தளர்ந்து நிறமி எளிதில் வெளிப்படும். பின்னர் நீர் பிழியப்பட்டு, உலர்த்தப்பட்டு, குருணையாக்கப்படும். ஏறத்தாழ பத்துக் கிலோ பூவுக்கு ஒரு கிலோ உலர்பொருள் கிடைக்கும். இதிலிருந்து எக்சேன் என்னும் கரைப்பான் கொண்டு நிறமி பிரிக்கப்படுகின்றது. கரைப்பான் ஆவியாக்கி நீக்கப்பட்ட பின் எஞ்சும் கெட்டியான பிசினெண்ணெய் ஓலியோரெசின் எனப்படும்.

இதழில் லூட்டீன் தனித்து இருப்பதில்லை. கொழுப்பமிலங்களுடன் பிணைந்த எசுத்தர் வடிவில் உள்ளது. காரத்துடன் வினைப்படுத்திப் பிணைப்பை அறுத்தால் கோழியின் குடலில் நன்கு உறிஞ்சப்படும். இச்செயல் சவர்க்காரமாக்கல் எனப்படும். இறுதியாக, சாறு ஒரு தாங்குபொருளின் மீது ஏற்றப்பட்டுத் தூளாகவோ, நீர்மமாகவோ தீவன ஆலைக்குச் செல்கிறது.

கரைப்பான், காரம், தாங்குபொருள், ஆக்சிசனேற்றத் தடுப்பான் என நான்கு பொருட்கள் இவ்வழியில் பூவுடன் உறவாடிவிடுகின்றன. ஒப்புதல் வழங்கும் அமைப்புகள் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த நான்கைப் பற்றியவையே.

அளவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு உதவும். ஒரு கிலோ தூளில் 20 கிராம் நிறமி இருப்பதாகக் கொள்வோம். தீவனத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் நிறமி வேண்டுமெனில் ஒரு டன் தீவனத்துக்கு 20 கிராம் நிறமி, அதாவது ஒரு கிலோ தூள் தேவை. ஒரு டன்னில் ஒரு கிலோ சீராகக் கலக்க வேண்டும். கலவை சரியில்லாவிடில் ஒரு கூண்டின் முட்டை வெளிறியும் அடுத்த கூண்டின் முட்டை செம்மஞ்சளாகவும் இருக்கும். தூள் சீராகப் பரவுவதற்கான சான்றும் ஒப்புதல் விண்ணப்பத்தில் கேட்கப்படுவதன் காரணம் இதுவே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நடைமுறை

தீவனச் சேர்பொருட்களுக்கான விரிவான ஒப்புதல் முறை ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ளது. 1970 ஆம் ஆண்டின் பணிப்பாணை ஒன்றின் கீழ் நிறமூட்டிகள் முன்னர் அனுமதிக்கப்பட்டிருந்தன. 2003 ஆம் ஆண்டின் 1831 ஆம் இலக்க ஒழுங்குவிதி அதனை மாற்றியமைத்தது. இவ்விதியில் நிறமூட்டிகள் புலனுணர்வுச் சேர்பொருட்கள் என்னும் பிரிவில் வருகின்றன. தீவனத்துக்கே நிறம் தருபவை, விலங்கிலிருந்து கிடைக்கும் உணவுக்கு நிறம் தருபவை, அலங்கார மீன் மற்றும் பறவைகளுக்கு நிறம் தருபவை என மூன்று வகை உண்டு. முட்டைக்கான லூட்டீன் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பழைய அனுமதி பெற்றிருந்த பொருட்களும் புதிய விதியின்படி மீண்டும் ஆராயப்பட வேண்டியதாயிற்று. அதற்கான விண்ணப்பங்களுக்கு 2010 நவம்பர் 7 இறுதி நாளாக இருந்தது. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்ததென்பது சான்றாகக் கொள்ளப்படவில்லை. விண்ணப்பதாரர் பொருளின் சேர்மானம், ஒவ்வொரு உற்பத்தித் தொகுதிக்கும் இடையிலான வேறுபாடு, கரைப்பான் எச்சம், சேமிப்பில் நிலைத்திருக்கும் காலம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். கோழிக்கும், முட்டை உண்பவருக்கும், தூளைக் கையாளும் தொழிலாளிக்கும், எச்சம் கலக்கும் மண்ணுக்கும் அது தீங்கு தருமா என்பது தனித்தனியே மதிப்பிடப்படும். உண்மையிலேயே நிறம் தருகிறதா என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அறிவியல் மதிப்பீட்டை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்கிறது. அனுமதியை ஐரோப்பிய ஆணைக்குழு வழங்குகிறது. மதிப்பிடுபவரும் அனுமதிப்பவரும் வேறு வேறாக இருப்பது இம்முறையின் சிறப்பாகும்.

செண்டுமல்லிச் சாற்றைப் பற்றிய மதிப்பீடு 2019 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2020 சூலையில், 1097 ஆம் இலக்க நடைமுறை ஒழுங்குவிதியின் மூலம், லூட்டீன் மிகுந்த சாறும் லூட்டீன், சியாசாந்தின் கலந்த சாறும் வான்கோழி நீங்கலான பறவைகளுக்குப் பத்து ஆண்டுகளுக்கு அனுமதிக்கப்பட்டன. ஒரு கிலோ முழுத் தீவனத்தில் சேர்க்கப்படும் கரோட்டினாய்டுகளின் மொத்தம் 80 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது வரம்பு. முன்னர்க் கூறிய கணக்கில் இது ஒரு டன்னுக்கு நான்கு கிலோ தூளுக்குச் சமம். நடைமுறையில் பண்ணையாளர் அவ்வளவு சேர்ப்பதில்லை. அதற்கு முன்பே செலவு கையைக் கடித்துவிடும்.

ஒரு பொருளுக்கு இரு நிபுணர் குழுக்கள் வெவ்வேறு எண்களைத் தருவதும் உண்டு. உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் இணைந்த நிபுணர் குழு 2004 ஆம் ஆண்டில், செண்டுமல்லி லூட்டீனை மனிதர் நாள்தோறும் உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்றது. ஐரோப்பிய ஆணையம் 2010 ஆம் ஆண்டில் 1 மில்லிகிராம் என்றது. பொருள் ஒன்றேயாயினும், கிடைத்த ஆய்வுகளும் ஐயப்பாட்டுக்காக விடப்படும் இடைவெளியும் வேறுபடுவதால் எண்ணும் வேறுபடுகிறது.

தழையையும் சாற்றையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. குதிரைமசால் தழையை உலர்த்தி அரைத்துக் கலந்தால் அது தீவனப் பொருள். அதிலுள்ள லூட்டீன் கருவுக்கு நிறம் தந்தாலும் நிறமூட்டி ஒப்புதல் தேவைப்படாது. அதே லூட்டீனைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கிக் கலந்தால் அது சேர்பொருளாகிவிடுகின்றது. மூலக்கூறு மாறவில்லை. செறிவும் நோக்கமும் மாறியுள்ளன.

ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறை

ஐக்கிய அமெரிக்காவில் 1960 ஆம் ஆண்டின் நிறச் சேர்பொருள் திருத்தச் சட்டம் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் ஆகியவற்றுக்கான நிறங்கள் பயன்பாட்டுக்கு முன்னரே பட்டியலிடப்பட வேண்டும் என்கிறது. தீவனத்தின் வழியே முட்டைக்கு ஏறும் நிறமும் இதில் அடங்கும். கூட்டாட்சி ஒழுங்குவிதித் தொகுப்பின் 21 ஆம் தலைப்பில் 73.295 ஆம் பிரிவு செண்டுமல்லி இதழ்த்தூளுக்கும் சாற்றுக்கும் உரியது. வேறு தாவரப் பொருள் கலவாமை, சாற்றின் உருகுநிலை, அமில எண், எக்சேன் எச்சம் என ஒவ்வொன்றுக்கும் அங்கு எல்லை வகுக்கப்பட்டுள்ளது. எக்சேன் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் இருக்கலாகாது. அனுமதி கோழித் தீவனத்துக்கு மட்டுமே. கோழித்தோலின், முட்டையின் மஞ்சள் நிறத்தைக் கூட்டுவதற்கு எனப் பயனும் வரையறுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பாவைப் போல லூட்டீனுக்கு எண் வரம்பு இடாமல், கருதிய விளைவுக்குப் போதுமான அளவு சேர்க்கலாம் என்று விதி கூறுகிறது. அடையாளச் சீட்டில் நிறமியின் செறிவு காட்டப்பட வேண்டும்.

இந்நிறமூட்டி சான்றளிப்பிலிருந்து விலக்குப் பெற்றது என்று அவ்விதி கூறுவதை, ஒப்புதலே தேவையில்லை என்று சிலர் பொருள் கொள்கின்றனர். அது சரியன்று. பெட்ரோலியத்திலிருந்து ஆக்கப்படும் செயற்கைச் சாயங்களின் ஒவ்வொரு தொகுதியும் அரசு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுச் சான்று பெற வேண்டும். அந்தத் தொகுதிச் சோதனையிலிருந்து மட்டுமே தாவர நிறமிகளுக்கு விலக்கு உண்டு.

எத்தாக்சிகுயின் சிக்கல்

கரோட்டினாய்டுகள் காற்றிலும் வெளிச்சத்திலும் எளிதில் சிதைகின்றன. நிறம் மங்காமல் காக்க எத்தாக்சிகுயின் என்னும் செயற்கைத் தடுப்பான் நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. மேற்கூறிய அமெரிக்க விதியே செண்டுமல்லி இதழ்த்தூளில் 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாமல் அதனைச் சேர்க்க இடம் தருகிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 ஆம் ஆண்டில் எத்தாக்சிகுயினை மதிப்பிட்டபோது, அதனுடன் மாசாகக் கலந்திருக்கும் பாரா-பெனிட்டிடின் மரபணுவைப் பாதிக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. பாதுகாப்பை உறுதிசெய்யப் போதிய தரவுகள் கிடைக்கவில்லை. 2017 ஆம் ஆண்டில் அதன் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் அனுமதி மறுக்கப்பட்டது. பூவைப் பற்றிய புதிய ஐயம் ஏதும் எழாமலேயே, அதைக் காக்கும் பொருளால் ஒரே இதழ்த்தூள் ஒரு சந்தையில் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் மற்றொன்றில் புறம்பானதாகவும் ஆயிற்று. ஐரோப்பாவுக்கு அனுப்புவோர் டோக்கோபெரால் போன்ற மாற்றுத் தடுப்பான்களை நாட வேண்டியதாயிற்று. முற்றிலும் இயற்கையானது என விற்கப்படும் தூளின் அடையாளச் சீட்டில் காப்புப் பொருளின் பெயரைத் தேடிப் படிப்பது வாங்குவோர்க்கு நன்று.

கேந்தாசாந்தினும் சூடான் சாயமும்

தாவர நிறமிகளுக்குப் போட்டியாக நிற்பது கேந்தாசாந்தின் என்னும் சிவப்பு நிறமி. சில காளான்களிலும் பூநாரையின் இறகிலும் இயற்கையில் காணப்படினும், தீவனத்துக்கு வருவது பெரும்பாலும் தொழிற்சாலையில் ஆக்கப்பட்டதே. மிளகாய்ச் சாற்றை விடச் சிறிய அளவில் கூடுதல் செம்மை தரும். 1980 களில் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளக் கேந்தாசாந்தின் மாத்திரைகளை மிகுதியாக உண்டவர்களின் விழித்திரையில் நுண்படிகங்கள் படிந்திருப்பது கண்டறியப்பட்டது. மாத்திரையின் அளவோடு ஒப்பிட்டால் முட்டையில் உள்ளது மிகச் சொற்பமே. எனினும் 2003 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் முட்டைக்கோழித் தீவனத்தில் அதன் உச்ச அளவைக் கிலோவுக்கு 80 மில்லிகிராமிலிருந்து 8 மில்லிகிராமாகக் குறைத்தது. மற்றக் கோழிகளுக்கு 25 மில்லிகிராம் என்று வைத்தது. முட்டை நாள்தோறும் உண்ணப்படுவதும், நிறமி கருவில் சேர்வதும் இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை.

சூடான் சாயங்களின் கதை வேறு. இவை மெழுகு, எண்ணெய், காலணி மெருகு முதலியவற்றுக்கான தொழிற்சாயங்கள். உணவில் இவற்றுக்கு அனுமதியில்லை. 2003 ஆம் ஆண்டில் பிரான்சில் சோதிக்கப்பட்ட, இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருட்களில் சூடான் 1 காணப்பட்டதைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்த்தூளுக்குச் சோதனைச் சான்றைக் கட்டாயமாக்கியது. மிளகாய்ச் சாற்றையும் நிறமூட்டியாகப் பயன்படுத்துவதால் தீவனத் துறையும் இதனைப் புறக்கணிக்க இயலாது.

2006 நவம்பரில் சீனாவின் ஏபெய் மாகாணத்திலிருந்து வந்த செங்கரு வாத்து முட்டைகளில் சூடான் 4 இருப்பது வெளியாயிற்று. வாத்துகளின் தீவனத்திலேயே சாயம் கலக்கப்பட்டிருந்தது. பையாங்டியன் ஏரியில் மீனும் இறாலும் தின்று வளர்ந்த வாத்துகளின் முட்டை என்று கூறி அவை கூடுதல் விலைக்கு விற்கப்பட்டன. ஏரியில் மேயும் வாத்தின் கரு சிவந்திருக்கும் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். அந்த அறிவே ஏமாற்றுக்கு வாயிலாயிற்று. சீன வேளாண்மை அமைச்சு 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட தீவனச் சேர்பொருள் பட்டியலில் செண்டுமல்லி லூட்டீன் நிறமூட்டியாக இடம்பெற்றுள்ளது.

மேய்ச்சல் வாத்தும் கூண்டுக் கோழியும்

சீன வணிகர் போலியாகக் காட்டிய அதே நிறம் தமிழ்நாட்டில் செலவின்றிக் கிடைக்கும் இடங்கள் உண்டு. கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு அமைந்துள்ள சேத்தியாத்தோப்பும் அதனைச் சூழ்ந்த நெல்வயல்களும் அத்தகையவை. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டங்கள் இறக்கப்பட்டு, சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் பாசியையும் மேய்கின்றன. பாசியிலும் பச்சைத் தழையிலும் உள்ள கரோட்டினாய்டுகளால் அம்முட்டைகளின் கரு ஆழ்ந்த செம்மஞ்சளாக இருக்கும். இதற்கு எவ்வகை ஒப்புதலும் தேவையில்லை. மேய்ச்சல் நிலத்தைச் சட்டம் தீவனச் சேர்பொருளாகக் கருதுவதில்லை.

நாமக்கல் மாவட்டத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. தமிழ்நாட்டின் முட்டை உற்பத்தி பெரும்பாலும் இவ்வட்டாரத்தில் செறிந்துள்ளது. கூண்டில் வளரும் கோழிக்குத் தொட்டியில் விழுவதே உணவு. கருவின் நிறம் தீவன ஆலையில் முடிவாகின்றது. இங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கும் முட்டை செல்கின்றது. மாநிலத்தின் சத்துணவுத் திட்டத்துக்கும் முட்டை வழங்கப்படுகின்றது. கருவின் நிறத்தைப் பற்றி அயல்நாட்டு வணிகர் நிபந்தனை விதிக்க முடியும். சத்துணவுக் கூடத்தில் தட்டேந்தி நிற்கும் மாணவர் அவ்வாறு கேட்க இயலாது. அம்மாணவருக்காகக் கேட்க வேண்டியது சட்டமே.

இந்தியாவின் சட்ட நிலை

2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் உணவு என்பதற்குத் தரும் வரையறையிலிருந்து கால்நடைத் தீவனத்தை விலக்கியுள்ளது. அச்சட்டத்தின் கீழமைந்த விதிகளில் உணவில் சேர்க்கத்தக்க இயற்கை நிறங்களின் பட்டியல் உண்டு. கரோட்டின் வகைகள், குங்குமப்பூ, மஞ்சள் முதலியன அதில் உள்ளன. ஆனால் அது மனிதர் உண்ணும் பண்டத்தில் நேரே கலப்பதற்கான பட்டியல். கோழி தின்று, அதன் வழியே முட்டைக்கு ஏறும் நிறத்துக்கு அது பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளதைப் போன்று, ஒவ்வொரு தீவன நிறமூட்டிக்கும் முன் ஒப்புதல் வழங்கும் தனி நடுவண் சட்டம் இந்தியாவில் இல்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1374 என்னும் தரநிலை கோழித் தீவனத்துக்கு உரியது. புரதம், நார்ப்பொருள், ஈரப்பதம், பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் ஆகியவற்றுக்கு அது அளவு வகுக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் ஆணையம் 2020 ஆம் ஆண்டில், உணவு தரும் விலங்குகளுக்கான வணிகத் தீவனங்கள் உரிய இந்தியத் தரநிலைகளுக்கு இணங்க வேண்டும் எனப் பணித்தது. அதன் நடைமுறை பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது வணிகத் தீவனம் என்னும் சொல். நாமக்கல் வட்டாரத்தின் முட்டைப் பண்ணைகள் பல தமக்குத் தேவையான தீவனத்தைத் தாமே அரைத்துக்கொள்கின்றன. விற்பனைக்கு வராத தீவனத்தை விற்பனைத் தீவனத்துக்கான விதி எளிதில் எட்டுவதில்லை.

எனினும் அரசால் தீவனத்துக்குள் கை வைக்கவே இயலாது என்பதில்லை. கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பியைக் கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்கும் தீவனச் சேர்ப்புகளுக்கும் விற்பதை மைய நலவாழ்வு அமைச்சு 2019 சூலையில் மருந்துச் சட்டத்தின் கீழ்த் தடை செய்தது. ஆயின் நிறமூட்டி மருந்தன்று. உணவுச் சட்டத்தின் வரையறைக்கும் வெளியே நிற்கிறது. இரண்டு வேலிகளுக்கும் நடுவே உள்ள இச்சந்தில்தான் தரமான செண்டுமல்லிச் சாறும் பெயர் தெரியாத சிவப்புத் தூளும் ஒருங்கே நுழைய இடமிருக்கின்றது.

ஏற்றுமதியில் இச்சந்து அடைபட்டுவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முட்டைத்தூள் அனுப்பும் ஆலைகள் ஏற்றுமதி ஆய்வுக் குழுவின் எச்சக் கண்காணிப்புத் திட்டத்துக்கு உட்பட வேண்டும். வாங்கும் நாட்டின் வரம்பே அங்குப் பண்ணையின் விதியாகிறது. உள்நாட்டுச் சந்தைக்குச் செல்லும் முட்டைக்கு அத்தகைய அழுத்தம் குறைவு.

இலங்கையில் 1986 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விலங்குணவுச் சட்டம் தீவன உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றை நெறிப்படுத்துகின்றது. தீவனத்துக்கெனத் தனிச் சட்டம் கொண்டிருப்பதில் அந்நாடு இந்தியாவினும் ஒரு படி முன்னே உள்ளது எனலாம்.

ஆய்வகச் சோதனையின் எல்லை

முட்டையில் உள்ள நிறமிகளை உயர்செயல்திறன் நீர்ம நிறப்பிரிகை என்னும் முறையால் பிரித்து அளக்கலாம். சூடான் சாயம் இருப்பின் அது தனித்துத் தெரியும். கேந்தாசாந்தினும் தனியே தெரியும். கூண்டுக் கோழியின் முட்டையில் அது காணப்பட்டால் பெரும்பாலும் தீவனத்தில் சேர்க்கப்பட்டதென்றே கொள்ளலாம். கேப்சாந்தின் மிளகாயின் அடையாளம்.

லூட்டீனில் நிலைமை வேறு. மக்காச்சோளத்தின் லூட்டீனும் அகத்திக்கீரையின் லூட்டீனும் செண்டுமல்லியின் லூட்டீனும் மூலக்கூற்றளவில் ஒன்றே. செண்டுமல்லி இதழில் லூட்டீன் பெரும்பங்கும் சியாசாந்தின் சிறுபங்கும் உள்ளன. மக்காச்சோளத்தில் சியாசாந்தினின் பங்கு அதனினும் கூடுதல். இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாமேயன்றி உறுதி கூறல் அரிது. எக்சேன் எச்சத்தையும், எந்தத் தாங்குபொருள் சேர்ந்தது என்பதையும் முட்டையை உடைத்துப் பார்த்து அறியும் வழி பெரும்பாலும் இல்லை. அவற்றைத் தூள் மூட்டையாக இருக்கும்போதே, தீவன ஆலையின் வாயிலில் சோதித்தாக வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் முட்டையை விட்டுவிட்டுத் தூளின் சேர்மானத்தையும் அதன் அடையாளச் சீட்டையும் முதலில் பற்றிக்கொள்வது இதனாலேயே.